குவாட்டருக்குள் ஒரு உப்பள மீட்டர்

உப்பளத்தில் உப்புத்தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கான கண்ணாடி மீட்டரை, ஒரு பாரில், சுற்றியிருந்த மேசைக்காரர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு குவாட்டர் பிராந்திக்குள் இறக்கியவன் நான். இறக்கியதோடு விட்டிருக்கலாம். அது காட்டியதைப் படித்துத் தீர்ப்பும் சொன்னேன். ஐம்பதைத் தாண்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிற ஒரு மனிதன் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். நான் இதுவரை எழுதிய எதற்கும், அந்த மீட்டருக்குச் சிரித்த அளவு யாரும் சிரித்ததில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மரக்காணம் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. உள்ளே வந்து நோட்டு வாங்குகிறவர்களைவிட, நான் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பாவம் தொந்தரவு செய்ய வேண்டாமென்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருக்கும் நண்பன் ஒருவன் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். வெயில் காலத்தில் அவனைப் பிடிக்க முடியாது. ஐப்பசி மழை விழுந்து பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகிவிட்டால் அவனுக்கு வேலை இருக்காது. எனக்கு எந்தக் காலத்திலும் இருக்காது. ஆகவே மழைக்காலச் சாயங்காலங்களில் இருவரும் பாண்டி பஸ் ஏறுவோம். இருவரிடமும் பைக் உண்டு. திரும்பி வரும்போது ஓட்டக் கூடாது என்கிற புத்தி எங்களுக்குப் போகும்போதே இருந்தது. திரும்பும்போது இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஈசிஆரில் தெற்கே போகப் போக, தமிழ்நாடு கொஞ்ச தூரம், புதுச்சேரி கொஞ்ச தூரம், மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்பதைப் போர்டைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். பஸ்ஸில் பாதி ஆம்பளைகள் எழுந்து நிற்பார்கள்.

எங்கள் பார் அங்கேதான், ரோட்டிலிருந்து கடல் பக்கமாகச் சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருந்தது. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். மேசை துடைக்கிற துணி ஒரு மேசையின் ஈரத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகும். ஃபேன் சுற்றுவது தெரியும், காற்று தெரியாது. ஆனால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்து நடந்தது. அழுக்கு உட்பட எதையும் அங்கே யாரும் மறைக்கவில்லை.

நாங்கள் உட்காருகிற பக்கத்து மேசைகளுக்கு ஒரு சப்ளையர். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். பொம்மையார்பாளையத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பத்துக்காரர். வலை இழுத்துத் தோள்பட்டை போனபிறகு பாருக்கு வந்து சேர்ந்தவர். சைடிஷ் என்ன இருக்கிறது என்று கேட்டால், "இன்னா வேணும்?" என்பார். நெத்திலி என்றால், "நெத்திலி இல்ல" என்பார். பின்னே என்னதான் இருக்கிறது என்றால் மறுபடியும், "இன்னா வேணும்?" இப்படிச் சுற்றிச் சுற்றி ஒருவழியாக ஆம்லெட்டில் வந்து நிற்போம். அவருக்கு முதலிலிருந்தே அது தெரியும்.

ஆனால் ஒன்று. பாட்டிலை மேசைக்குக் கொண்டுவருவார். எங்கள் முன்னால் மூடியைத் திருகுவார். சீல் உடைகிற சத்தம் கேட்டதா என்பதுபோல் இருவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். பிறகு கண்ணெதிரே ஊற்றுவார். கோயிலில் தீபாராதனை காட்டுகிற இடத்தில் நாங்கள் அந்தச் சத்தத்தை வைத்திருந்தோம். அதைக் கேட்டபின் அவர் எப்படிப் பேசினாலும் எங்களுக்குக் குறையில்லை.

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பார் கைமாறியது.

நாங்கள் அந்த வருஷத்தின் முதல் சாயங்காலத்துக்குப் போனபோது வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. டை கட்டிய ஓர் இளைஞர் கைகூப்பி எங்களை வரவேற்றார். ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்த புது மேனேஜர். "வாங்க சார், இத உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். என் வீட்டில் என்னை யாரும் கைகூப்பி வரவேற்பதில்லை. முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது.

மேசையில் துணி விரித்திருந்தது. மெனு கார்டு கல்யாணப் பத்திரிகை கனத்தில் இருந்தது. நெத்திலி வறுவலுக்கு 'பே ஆஃப் பெங்கால் க்ரிஸ்பீஸ்' என்று பேர். அது தாம்பாளம் அளவு தட்டில் வந்தது. பாகப்பிரிவினைக்குப் பிறகு பங்காளிகள் உட்காருவதுபோல் நெத்திலிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிப் படுத்திருந்தன. கொண்டுவந்தவர் நம் பழைய சப்ளையர்தான். கையில்லாத கறுப்புக் கோட்டு, தலையில் ஒரு தொப்பி. தட்டை வைத்துவிட்டு, குனிந்து, "உங்களுக்குச் சேவை செய்வதில் மகிழ்ச்சி சார்" என்று சொல்லி, பல்லைக் காட்டினார். பல் டாக்டரிடம் வலிக்கிற பல்லைக் காட்டுவதுபோல் இருந்தது.

என் நண்பன் பதறிவிட்டான். "இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லியா?"

சப்ளையர் குனிந்த நிலையிலேயே குரலை இறக்கினார். "சிரிக்கச் சொல்லிருக்கானுங்க. பேச்சு குடுக்காம குடிங்க."

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்து பிராந்தி வந்தது. பாட்டில் வரவில்லை. டிஷ்யூ பேப்பர் சுற்றிய இரண்டு கிளாஸ்கள், ஒரு தட்டில்.

"பாட்டில் எங்க சார்?" என்றேன்.

"கவுன்டர்லயே ஊத்திடுவாங்க. நான் எடுத்தாந்து வைக்கணும், அவ்ளோதான். இப்ப இதான் ஸ்டாண்டர்டு."

கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தூணைத் தாண்டி இருந்தது. அங்கிருந்து எங்கள் மேசைக்கு வருகிற வழியில் ஒரு திருப்பம். மூடி திருகுகிற சத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எங்கள் காதில் மெல்லிய வயலின் இசை விழுந்தது.

அன்றைக்கிலிருந்து நாங்கள் குடிப்பதை இரண்டாம் பட்சமாக்கிவிட்டு விசாரணையில் இறங்கினோம். கை கழுவக் கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டோடு வெந்நீர் தருகிறார்களே, எதை மறக்கடிக்க? லைட்டை மங்கலாக வைத்திருக்கிறார்களே, எந்த நிறத்தை மறைக்க? ஒவ்வொரு ரவுண்டுக்கும் அந்த மேனேஜர் வந்து, "எல்லாம் நல்லா இருக்குதா சார், எதாவது ஃபீட்பேக்?" என்கிறாரே, எதற்கு? என் கருத்தை ஒருவர் தேடி வந்து கேட்கிறார் என்றால், அதற்கு முன்பே ஏதோ நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் என் வாழ்க்கை அனுபவம்.

என் நண்பன் கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். "கலரு வெளுத்தாப்ல இல்ல?"

"லைட்டு அப்படி."

"லைட்டு அப்படியா, சரக்கு அப்படியா?"

ஆதாரங்களும் சேர்ந்துகொண்டே வந்தன. இரண்டு ரவுண்டு முடித்துவிட்டு நின்ற ஒரு நாள், வருகிற பஸ்ஸின் போர்டை நான் தூரத்திலிருந்தே பிழையில்லாமல் படித்தேன். இன்னொரு நாள் என் நண்பன் தன் மச்சானைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல் மரக்காணம் வரை வந்தான். இறங்கும்போது அவனுக்கே அது உறுத்தியது. "ஏம்பா, நான் இன்னைக்கு எதுவுமே திட்டலியே" என்றான், ஏதோ பையைத் தொலைத்தவன்போல. சரக்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதில் அதன்பிறகு எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் என் கடையில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தோம்.

"உப்புத்தண்ணில ஏமாத்த முடியாதுப்பா" என்றான் அவன். "மீட்டர் காட்டிக் குடுத்துரும். சரக்குக்கு அப்படி ஒண்ணும் இல்லியே."

"ஏன் இல்ல?" என்றேன். "அதே மீட்டர்தான்."

இந்த இரண்டு வார்த்தைக்கு நான்தான் சொந்தக்காரன். அவன் மேல் பழி போட மாட்டேன்.

உப்பளம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்டர் என்பது பெரிய தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் குண்டு, அதற்குள் கனம்; மேலே மெல்லிய தண்டு, அதில் சைபரிலிருந்து கோடுகள். பாத்தித் தண்ணீரை நீளமான ஒரு குவளையில் மொண்டு அதற்குள் மீட்டரை விடுவார்கள். வெயிலில் தண்ணீர் சுண்டிக் கெட்டிப்படக் கெட்டிப்பட, மீட்டர் மேலே மேலே எழும்பி நிற்கும். இத்தனையாவது கோடு வந்தால் உப்பு பூக்கும் என்று கணக்கு. நான் இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கெட்டியாக இருந்தால் மேலே, தண்ணியாக இருந்தால் கீழே. ஆகவே நல்ல பிராந்தி என்றால் மீட்டர் நிமிர்ந்து நிற்கும், கலப்படம் என்றால் இறங்கும். இவ்வளவு சுலபமான ஒன்று இந்தக் கடற்கரையில் இத்தனை குடிகாரர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மழைக்காலத்தில் மீட்டர் அவன் வீட்டுப் பரணில் துண்டு சுற்றிச் சும்மாதான் கிடந்தது. அதையும் குவளையையும் என்னுடைய நீளக் குடைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்ணாடிக் கதவில் இருந்தவர் குடையை வாங்கி வைக்கக் கை நீட்டினார். புது ஸ்டாண்டர்டு. நான் கொடுக்க மறுத்ததை அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சார், குடை பத்திரமாக இருக்கும் என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குவளையை நிரப்ப ஒரு பெக் போதாது. ஒரு குவாட்டர் வேண்டும் என்றேன்.

"ஒண்ணாவா?" என்றார் சப்ளையர்.

"ஒண்ணா."

மகிழ்ச்சி சார் என்று சொல்ல மறந்து, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று கிளாஸ்களில் வந்தது. டிஷ்யூவை உரித்து மூன்றையும் குவளையில் கொட்டினேன். பக்கத்து மேசையில் நான்கு பேர் கட்டட வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். "அண்ணே, இது இன்னா ஸ்டைலு? ஸ்ட்ரா குடுக்கலியா?"

"பாருங்க" என்றேன். நண்பன் துண்டைப் பிரித்தான். மீட்டரின் தண்டைப் பிடித்து, மெதுவாக, உப்பளக்காரர்கள் இறக்குவதுபோலவே இறக்கி, கையை எடுத்தேன்.

அது நிற்கவேயில்லை. நேராகப் போய் அடியில் 'டொக்' என்று இடித்தது. கோடுகள் எல்லாம் முழுகிவிட்டன. தண்டின் நுனி மட்டும் குவளையின் வாயில் சாய்ந்து நின்றது.

"முழுகிடிச்சே" என்றான் நண்பன். அவன் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. பத்து வருஷத்து உப்பள அனுபவத்தில் மீட்டர் முழுகி அவன் பார்த்ததில்லை.

நான் எழுந்து நின்றேன். "சைபருக்கும் கீழ போயிடுச்சு" என்று நாலு மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இதுல சரக்குன்ற பேச்சே இல்ல. மொத்தமும் தண்ணி. கலர் தண்ணி."

எல்லோரும் அவரவர் கிளாஸைப் பார்த்தார்கள். "அதான் ஏறவே இல்ல" என்றான் கட்டட வேலைக்காரன். அதைச் சொல்லும்போது அவன் நாக்கு நன்றாகவே குழறியது. அதை நான் அப்போது ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டு, "உங்க ஃபீட்பேக்குக்கு ரொம்ப நன்றி சார்" என்றார். பிறகு, "இந்த டேபிளுக்கு யாரு?"

சப்ளையர் தட்டோடு அங்கேயேதான் நின்றிருந்தார்.

"நான் அவர சொல்லல" என்றேன். "நிர்வாகத்த சொல்றேன்."

"கவுன்டர் மேல கேமரா இருக்குது சார். அங்க ஒரு சொட்டு மாறாது. அங்கேர்ந்து உங்க டேபிளுக்கு வர்ற வழியில எது நடந்தாலும் அந்த டேபிள் ஸ்டாஃப்தான் பொறுப்பு. அதான் எங்க பாலிசி. ஆக்‌ஷன் எடுத்துட்டு உங்களுக்கே தகவல் சொல்றோம்."

மன்னிப்புக் கேட்கும் விதமாக ஒரு பழத் தட்டு இலவசமாக வந்தது. நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது. அன்னாசி நன்றாக இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் சப்ளையர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் சார், என்னயவா மாட்டி உட்டீங்க?"

"இல்லைங்க. நான் நிர்வாகம் பண்ற தப்ப..."

"நிர்வாகம் டை கட்டிட்டு நிக்குது. மாட்டுறது நானு. ஏற்கனவே ரெண்டு தபா எழுதிட்டாங்க. சிரிக்கலன்னு ஒரு தபா, கஸ்டமர் கிட்ட குனிஞ்சி பேசலன்னு ஒரு தபா. மூணாவது வந்தா கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான். நாளைக்கு மொதலாளி வர்றாரு."

"வேற எடத்துல..."

"இந்த வயசுல எவன் சார் எடுப்பான்? போட்டுக்குப் போலாம்னா தோளு எங்க இருக்குது?"

"நீங்க தண்ணி எதுவும்..." என்று இழுத்தேன்.

"அதான் கண்ணாடி உட்டுக் கண்டுபுடிச்சிட்டீங்களே" என்றார். கதவோரம் மேனேஜர் எட்டிப் பார்த்தார். சப்ளையர் உடனே ஒரு டிஷ்யூவை உருவி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, "உங்களுக்குச் சேவை செய்வதில் மகிழ்ச்சி சார்" என்று பல்லைக் காட்டினார்.

பஸ்ஸில், சப்ளையர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன். நியாயமான கோபமுள்ளவன் கலக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்க மாட்டானா? அல்லது, நியாயமான கோபமுள்ளவன்தான் அப்படிச் சொல்லாமல் விடுவானா? இப்படி ஒரு பக்கமும் சாயாத சந்தேகம் தூங்கவிடாது. ஆனால் எதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எழுத உட்கார்ந்தேன்.

காலையில் கட்டுரை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. 'சாதாத் தண்ணீரில் விட்டால் மீட்டர் எப்படி முழுகுமோ, அப்படியே முழுகியது' என்று ஒரு வரி. எழுதியபிறகு, முழுகும்போது எந்தப் பக்கம் சாயும் என்று சரியாக எழுதினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நான் எழுதுகிற எதையும் இதற்கு முன் சரிபார்த்ததில்லை. மீட்டர் என் குடைக்குள்ளேயேதான் இருந்தது. குவளையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விட்டேன்.

முழுகவில்லை. சைபர் கோடு தண்ணீர் மட்டத்தில் நிற்க, மீட்டர் ஒரு கனவான்போல மிதந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். மறுபடி சைபர்.

தண்ணீரில் நிற்கிறது. பிராந்தியில் முழுகியது. அப்படியானால் பிராந்தி தண்ணீரைவிட லேசு. முழுகியது என்பதாலேயே அதில் சரக்கு இருந்தது. எட்டாம் வகுப்புப் பாடம். அந்த வகுப்பு கைடை நானே கடையில் வைத்து விற்கிறேன். தொட்டித் தண்ணீரில் ஏதோ புரிந்துபோய் அம்மணமாகத் தெருவில் ஓடிய கிரேக்கர் ஒருவரைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடினார். நான் கண்டுபிடித்துவிட்ட பயத்தில், வேட்டியோடு, உப்பளத்துக்கு ஓடினேன்.

நண்பன் வரப்பின் மேல் நின்று, வானமும் பாத்தியும் ஒன்றாகிக் கிடந்த தன் குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"சாதாத் தண்ணில மீட்டர் மெதக்குமா?" என்றான்.

"உனக்கே தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாதாத் தண்ணில நான் எதுக்கு உடுறேன்?" கையை நீட்டி வெள்ளத்தைக் காட்டினான். "சாதாத் தண்ணி வந்துச்சுன்னா எனக்கு நஷ்டம்பா. அத அளந்து வேற பாக்கணுமா?"

அவன் சொன்னதில் குறை காண முடியவில்லை. "முதலாளி இன்னைக்கு வர்றாரு" என்றேன். "அந்த ஆள வெளிய அனுப்பிடுவாங்க. நீயும் வா."

"நான் எதுக்கு? தீர்ப்பு சொன்னது நீ."

"மீட்டர் உன்னுது."

முனகிக்கொண்டே வந்தான். மத்தியான பஸ் பிடித்தோம். இந்தத் தடவை குடையை நானே வாசலில் கொடுத்தேன், உள்ளேயிருந்ததை எடுத்துக்கொண்டு.

ஹாலில் எங்கள் சப்ளையர் இல்லை. வேறு யாரோ ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். மேனேஜரைக் கூப்பிட்டு, நேற்று நான் சொன்னது தவறு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மனித உணர்ச்சி தெரிந்தது. குழப்பம். "கம்ப்ளைன்ட் குடுக்க நடைமுறை இருக்குது சார். வாபஸ் வாங்க எதுவும் குடுக்கலியே. மொதலாளிக்கு நேத்தே சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து செட்டில் பண்ணி அனுப்பறேன்னுட்டாரு."

"எங்க அந்த சப்ளையரு?"

"கிச்சன்ல வெங்காயம் உரிக்கிறாரு. கஸ்டமர் கண்ணுல பட வேணாம்னு."

"நான் நிரூபிச்சுக் காட்றேன். ஒரு சீல் பாட்டில் கொண்டாங்க. என் செலவு. எல்லார் கண்ணுக்கும் முன்னால ஒடைங்க."

மேசைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். முந்தின நாள் கட்டட வேலைக்காரனும் அதில் இருந்தான். அவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை போலிருக்கிறது, அல்லது இதை எதிர்பார்த்தே வந்திருந்தான். மேனேஜரே மூடியைத் திருகினார். அந்தப் பழைய சத்தம் ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஹாலில் கேட்டது. இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள். குவளையில் ஊற்றி மீட்டரை விட்டேன். 'டொக்.'

"நேத்து முழுகுனது தண்ணின்னீங்க" என்றான் கட்டட வேலைக்காரன். "இன்னைக்கு முழுகுறது சரக்குன்றீங்க. நாளைக்கு வந்தா இன்னா சார் சொல்லுவீங்க?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கிளம்பியது. ஹால் முழுவதும். மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். கஸ்டமரைப் பார்த்துச் சிரிப்பது பாலிசியில் இல்லை. நான் குவளையைக் கழுவி, மேசைத் தண்ணீரை ஊற்றி, மறுபடி விட்டேன். சைபரில் நின்றது. பாடம் எடுப்பதுபோல் எல்லோருக்கும் சொன்னேன்: தண்ணி கனம், சரக்கு லேசு. தண்ணியாக இருந்தால் மீட்டர் மிதந்திருக்கும். நேற்று முழுகியது. ஆகவே நேற்று வந்தது பிராந்தி. ஆகவே அந்த ஆள் மேல் குற்றமில்லை. புத்தி கெட்டவன் நான் ஒருவன்தான். கடைசி வாக்கியத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். மீட்டரைத் தானே ஒரு தடவை தண்ணீரில் விட்டுப் பார்த்தார், பிராந்தியில் விட்டுப் பார்த்தார். பிறகு தள்ளிப் போய் போனில் முதலாளியிடம் பேசினார். "கஸ்டமர் பக்கத் தப்புதான் சார். ஆமா சார், அவரே ஒத்துக்கிட்டாரு. எல்லாருக்கும் முன்னாடி." அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவர் கொஞ்சம் ரசித்துச் சொன்னதாக எனக்குப் பட்டது. போனை வைத்துவிட்டு, "எழுதுனத எடுத்துடறோம் சார். அவரு டூட்டில இருக்கலாம்" என்றார்.

சப்ளையர் கிச்சனிலிருந்து வந்தார். வெங்காயம் உரித்த கண். கோட்டை மாட்டிக்கொண்டே என்ன நடந்தது என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டார். எங்கள் மேசைக்கு வந்து, நன்றி எதுவும் சொல்லாமல், குவளையின் அடியில் கிடந்த மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது முழுகுனா நான் நல்லவனா சார்?"

"ஆமாங்க."

"மெதந்தா?"

"மெதந்தா தண்ணி."

"சரி" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சைடிஷ் இன்னா வேணும்?"

நெத்திலி என்றேன். நெத்திலி இல்லை என்றார். ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டேன். அதற்காக ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால் என்னை முட்டாளாக்கிக்கொள்ளவும் தயங்கவில்லை. இதை எப்படி எழுதினால் பெருமை தெரியாத மாதிரியும், ஆனால் படிக்கிறவர்களுக்கு விளங்கிவிடுகிற மாதிரியும் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நண்பன் மடியில் துண்டு சுற்றிய மீட்டரை வைத்துக்கொண்டு, கூனிமேடு தாண்டும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஏம்பா, பாதிக்குப் பாதி தண்ணி கலந்த பிராந்தில உட்டாலும், அது முழுகத்தான செய்யும்?"